எதையும் தூக்கிப் போடாத குடும்பம்: லண்டன், ஸ்டாஃபோர்ட் டெரஸ் 18

கேள்வி இதுதான்: லண்டனில் விக்டோரியா காலத்து வீடு ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அரண்மனையோ கோட்டையோ வேண்டாம், ஒரு குடும்பம் புழங்கிய வீடாக இருக்க வேண்டும், எதைப் பார்க்கலாம், அங்கே யார் வாழ்ந்தார்கள்?

ஒரே ஒரு வீட்டைத்தான் சொல்லலாம் என்றால் நான் யோசிக்காமல் சொல்வது கென்சிங்டனில் உள்ள ஸ்டாஃபோர்ட் டெரஸ் 18ஆம் எண் வீடு. இப்போது அதற்கு 'சாம்போர்ன் இல்லம்' என்று பெயர். ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். தெருவுக்குள் நுழைந்ததும் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிய, ஒரே அச்சில் வார்த்த மாதிரி உயரமான வரிசை வீடுகள். நிலவறைச் சமையலறையில் தொடங்கி மேலே வேலைக்காரர்களின் அறை வரை ஒவ்வொன்றும் குறுகலாக ஐந்து தளங்கள். 1870களின் தொடக்கத்தில், வசதியான நடுத்தர வர்க்கத்துக்கு விற்பதற்காக ஒரு கட்டட முதலாளி கட்டிய வீடுகள் இவை. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் யாரும் இதில் கை வைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 16க்கும் 18க்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.

கதவைத் திறந்ததும்தான் விஷயம் புரியும். 1875இல் இங்கே குடிவந்த ஒரு தம்பதி வாங்கி வைத்த நாற்காலி, அவர்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மாட்டிய படம் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. பெரிய மனிதர்களின் நினைவில்லங்கள் பலவற்றுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே சுவர் மட்டும்தான் அசல். உள்ளே இருக்கும் மேசை நாற்காலி எல்லாம் 'அந்தக் காலத்தில் இப்படி இருந்திருக்கும்' என்று ஏலத்தில் தேடிப் பிடித்து நிரப்பியவை. இந்த வீட்டில் அப்படி நிரப்ப வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டு போர்களுக்கும், நான்கு தலைமுறை ரசனை மாற்றத்துக்கும் அப்புறம் அது எப்படி நடந்தது என்பதுதான் என்னை இந்த வீட்டோடு கட்டிப்போட்ட கேள்வி. அதற்குப் பதில் அந்தக் குடும்பத்தின் கதையில் இருக்கிறது.

குடும்பத் தலைவர் எட்வர்ட் லின்லி சாம்போர்ன். 1844இல் லண்டனில் பிறந்தவர். அப்பா விலங்கு ரோமத் தோல் வியாபாரி. பதினாறு வயதில் இவரைக் கிரீனிச்சில் கப்பல் இயந்திரங்கள் செய்யும் ஜான் பென் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். பையனுக்கு இயந்திரத்தைவிட காகித ஓரத்தில் படம் போடுவதில்தான் ஆர்வம். அப்படிப் போட்ட ஒரு படம், நண்பர் ஒருவர் வழியாக 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழின் ஆசிரியர் மார்க் லெமன் கைக்குப் போனது. 1867இல் அவருடைய முதல் படம் பஞ்சில் வந்தது. 1871இல் நிரந்தர இடம் கிடைத்தது. முதல் படத்திலிருந்து சாகும் வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அந்த ஒரே பத்திரிகைக்குத்தான் வரைந்தார் என்று சொல்லலாம். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் இல்லை. இது பின்னால் முக்கியமாகும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் புதிதாக இருந்தாலும் அவர் கைவேலையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்க வரைபடத்தின் மேல் ஒரு காலை எகிப்திலும் மறு காலைத் தென்முனையிலும் ஊன்றி, இரண்டு கையையும் விரித்துத் தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ராட்சத மனிதனின் படம். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தை விரித்த செசில் ரோட்ஸைப் பற்றி 1892 டிசம்பரில் பஞ்சில் வந்த கேலிச்சித்திரம் அது. காலனியாதிக்கத்தைப் பற்றி எந்த நாட்டில் பாடப்புத்தகம் எழுதினாலும் அந்தப் படத்தைப் போடாமல் விடுவதில்லை. அதை வரைந்தவர் சாம்போர்ன். அந்த நாட்களில் அவர் வேலை பார்த்தது இந்த வீட்டு வரவேற்பறையின் பின் மூலையில்.

1874 அக்டோபரில் அவருக்கும் மரியன் ஹெராபத்துக்கும் கல்யாணம். மரியன் வசதியான பங்குத் தரகரின் மகள். மறு ஆண்டு, பெண் வீட்டார் உதவியோடு, 89 ஆண்டுக் குத்தகைக்கு 2,000 பவுண்டு கொடுத்து இந்த வீட்டை வாங்கினார்கள். அந்த ஆண்டே மகள் மோட் பிறந்தாள். 1878இல் மகன் ராய்.

இவர்கள் வீட்டை அலங்கரித்த விதத்தைப் புரிந்துகொள்ள அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நடந்தே போகும் தூரத்தில் ஓவியர் ஃபிரெடெரிக் லெய்ட்டனின் மாளிகை. டமாஸ்கஸ் ஓடுகள் பதித்த அரபு மண்டபமும் நடுவில் நீரூற்றுமாக அவர் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். மெல்பரி சாலையில் லூக் ஃபில்ட்ஸ், மார்கஸ் ஸ்டோன் போன்ற ஓவியர்கள் தனித்தனியாகக் கட்டடக் கலைஞர் வைத்துக் கட்டிய பெரிய வீடுகள். வட வெளிச்சம் விழும் ஓவியக் கூடங்கள், மாடல்களுக்குத் தனிப் படிக்கட்டு. இவர்கள் எல்லாம் சாம்போர்னின் நண்பர்கள், விருந்துக்கு வந்து போகிறவர்கள். ஆனால் அவர்கள் விற்றது எண்ணெய் வண்ண ஓவியம். இவர் விற்றது வாரப் பத்திரிகைக்குக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம். வருமானம் ஒன்றா? அந்த நண்பர்களுக்கு நடுவில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், கையில் இருக்கும் காசும் அளவானது. இந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் அந்தத் தவிப்பைப் பார்க்கலாம். எனக்கு லெய்ட்டன் மாளிகையைவிட இந்த வீடு நெருக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வரவேற்பறைச் சுவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வில்லியம் மோரிஸ் நிறுவனத்தின் சுவர்க்காகிதம் ஒட்டினார்கள். அன்றைய கலை ரசிகர்களுக்கு அது ஒரு அடையாளச் சின்னம் மாதிரி. சில ஆண்டு கழித்து ரசனை மாறியது. தோல் மாதிரி தோற்றமளிக்கும், புடைப்பு வேலை செய்து பொன்வண்ணம் பூசிய ஜப்பானியக் காகிதம் நாகரிகமானது. அது விலை அதிகம். சுவர் முழுக்க ஒட்டக் கட்டுப்படியாகாது. ஆனால் சுவரில் இடமே எங்கே இருந்தது? சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி இல்லாமல் மேலிருந்து கீழ் வரை படங்கள். அதனால் படங்களுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் புதுக் காகிதத்தை வெட்டி ஒட்டினார்கள். படங்களுக்குப் பின்னால் பழைய மோரிஸ் காகிதம் அப்படியே இருந்தது. ஒரு படத்தை நகர்த்தினால் முதல் அலங்காரம், நகர்த்தாவிட்டால் இரண்டாவது. வீட்டைச் சீரமைக்க வந்தவர்களுக்கு இது ஒரு புதையல், ஏனென்றால் வெளிச்சம் படாத இடத்தில் பழைய காகிதத்தின் நிறம் தப்பிக் கிடந்தது. விருந்துக்கு வந்த நண்பர்களில் யாருக்காவது இது தெரிந்திருக்குமா என்று அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன். மாத பட்ஜெட் போட்டுக் குடித்தனம் நடத்திய எவருக்கும் அந்தச் சுவர் பேசும் பாஷை புரியும்.

படங்களில் பலவும் அசல் ஓவியங்கள் அல்ல. நண்பர்களுடைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள், புகைப்படப் பிரதிகள், சாம்போர்னே வரைந்தவை. அறை நிறைய நாற்காலிகள், கடிகாரங்கள், சீனத்து நீல வெள்ளைப் பீங்கான்கள். சாப்பாட்டு அறையில் சுவரைச் சுற்றி ஓடும் தட்டுப் பலகையில் வரிசையாகத் தட்டுகள். பிரெஞ்சு மன்னர் காலத்துப் பாணி மேசை பக்கத்தில் ஆங்கிலப் பாணி அலமாரி. பின்பக்க ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. பின்னால் தெரிவது அடுத்த வீட்டுக் கொல்லையும் புகைபோக்கியும்தான். அந்தக் காட்சியை மறைத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட வண்ணக் கண்ணாடி நல்ல உபாயம்.

ஜன்னல்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணிச் செடி வளர்க்கும் ஏற்பாடும் உண்டு. லண்டனின் நிலக்கரிப் புகையில் செடிகள் கருகிப்போகும் என்பதால் நதானியல் வார்டு என்ற மருத்துவர் 1829 வாக்கில் கண்டுபிடித்த யோசனை அது. மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். இதே வார்டியன் பெட்டிதான் மரக்கன்றுகளைக் கப்பலில் உயிரோடு கொண்டு போகவும் பயன்பட்டது. சிங்கோனா கன்றுகள் 1861 வாக்கில் ஊட்டிக்கு வந்ததும், 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் கொழும்புக்குப் போனதும் இந்தப் பெட்டிகளில்தான். மலைத் தோட்டங்களில் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை அந்தக் கன்றுகளோடு பின்னிக்கொண்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பெட்டியை ஒரு கென்சிங்டன் வீட்டு ஜன்னலில் அழகுப் பொருளாகப் பார்க்கும்போது சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை.

சரி, இனி புகைப்படங்களுக்கு வருவோம். இந்த வீட்டில் எனக்கு அதிகம் பிடித்த பகுதியும், அதிகம் உறுத்தும் பகுதியும் அதுவே.

பஞ்ச் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. புதன்கிழமை இரவு ஆசிரியர் குழு ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிடும். சாப்பாட்டுக்குப் பின் அடுத்த இதழின் பெரிய கேலிச்சித்திரம் எதைப் பற்றி என்று விவாதித்து முடிவு செய்வார்கள். மேசைப் பலகையில் உறுப்பினர்கள் தங்கள் பெயர் எழுத்துகளைச் செதுக்கி வைப்பதும் வழக்கம். புதன் இரவு முடிவாகும் படம் வெள்ளி இரவுக்குள் கைக்கு வந்தாக வேண்டும். பிரதமரை ரோமானிய வீரனாகப் போட வேண்டும் என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேடயத்தைத் தூக்கும்போது தோள் எப்படித் திரும்பும், மேலங்கி மடிப்பு எப்படி விழும்? ஓவியப் பள்ளியில் பல ஆண்டு உடற்கூறு படித்தவர் நினைவிலிருந்து போட்டுவிடுவார். சாம்போர்னுக்கு அந்தப் பயிற்சி இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

அகப்பட்டவர்கள் எல்லாம் மாடல்தான். மனைவி, பிள்ளைகள், வீட்டுப் பணிப்பெண்கள், குதிரைக்காரர் ஓட்லி, நண்பர்கள். யாரும் கிடைக்காவிட்டால் தானே வேஷம் கட்டிக்கொண்டு கொல்லையில் போய் நிற்பார். போர்வையைச் சுற்றி ரோமானியர், துடைப்பத்தைப் பிடித்துப் போர்வீரன் என்று அவருடைய படங்களைப் பார்த்தால், இரண்டு நாள் கெடுவுக்குள் வேலையை முடிக்கத் துடிக்கும் மனிதரின் முழு ஈடுபாடு தெரியும். எடுத்த படங்களை வகை பிரித்து அலமாரிகளில் அடுக்கி வைத்தார். விலங்குகள், சிப்பாய்கள், நடிகர்கள், உடைகள் என்று. இணையத்தில் படம் தேடுகிற இன்றைய ஓவியருக்கு உள்ள வசதியை அவர் தன் வீட்டுக்குள் தானே உருவாக்கிக்கொண்டார்.

பெரும்பாலான பிரதிகள் நீல நிறத்தில் இருக்கும். சயனோடைப் என்று பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் நீலம் பிடிக்கும், படாத இடத்து உப்பு தண்ணீரில் கழுவினால் போய்விடும். வெள்ளி உப்பு வேண்டாம், வேறு ரசாயனம் வேண்டாம், செலவும் குறைவு. பொறியாளர்கள் வரைபடங்களுக்குப் பிரதி எடுத்த 'புளூபிரிண்ட்' இதே முறைதான். கப்பல் இயந்திரத் தொழிற்சாலையில் தொடங்கியவர் கைக்கு அது வந்து சேர்ந்தது பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். கழுவும் வேலை வீட்டுக் குளியலறையில் நடந்தது. ஆயிரக்கணக்கான நீலப் படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் முகம், ஒரு குதிரைக்காரரின் நிற்கும் தோரணை 1890களிலிருந்து நமக்குக் கிடைப்பது அபூர்வம். அவர்களுடைய படத்தை எடுக்க அன்று யார் காசு செலவழித்தார்கள்? இங்கே அவை குவிந்து கிடக்கின்றன.

உறுத்தலையும் சொல்ல வேண்டும். கேமரா கிளப்பில் சேர்ந்த பிறகு நிர்வாண மாடல்களையும் நிறைய எடுத்தார். வீட்டிலும் எடுத்தார், மரியன் பிள்ளைகளோடு வெளியூர் போயிருக்கும் நாட்களில். மாடல்கள் கூலிக்கு வந்த தொழில்முறைப் பெண்கள், அது ஓவியர்களிடையே வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எடுத்த அத்தனையும் வேலைக்குத் தேவைப்பட்டதா என்று கேட்டால் இல்லை என்பதே நேர்மையான பதில். 1905 முதல் 1908 வரை கென்சிங்டன் தெருக்களில் நடந்து போகும் இளம் பெண்களை, அவர்களுக்குத் தெரியாமல், மறைவாகப் படம் எடுத்ததும் உண்டு. அன்றாடம் பெண்கள் உண்மையில் எப்படி உடுத்தினார்கள், நடக்கும்போது பாவாடையை எப்படித் தூக்கிப் பிடித்தார்கள் என்பதற்கு ஆடை வரலாற்றாளர்களுக்கு இவை விலைமதிப்பில்லாத சாட்சி. அந்தப் பெண்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அருங்காட்சியகத்தில் அவரைக் கொண்டாடும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கொஞ்ச காலமாகவே அதை மரியனின் வீடாகத்தான் நினைக்கிறேன்.

1880களின் தொடக்கத்திலிருந்து 1914இல் இறக்கும் வரை மரியன் நாட்குறிப்பு எழுதினார். இலக்கியம் எதுவும் இல்லை. அன்றைக்கு என்ன சமைத்தது, யார் சாப்பிட வந்தார்கள், எந்த வேலைக்காரி நின்றுவிட்டாள், துணிக்கு என்ன விலை கொடுத்தது, தலைவலி, பிள்ளைகளுக்குச் சளி, 'லின்' (கணவரை அப்படித்தான் எழுதுவார்) எத்தனை மணிக்கு வீடு திரும்பினார். இரண்டு மூன்று வரிகள்தான் ஒரு நாளுக்கு. இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல். லின்லியும் தனியாக நாட்குறிப்பு வைத்திருந்தார். ஒரே விருந்தை இரண்டு பேர் எழுத்திலும் பார்க்க முடிகிற வீடுகள் எத்தனை இருக்கும்? வீட்டுக் கணக்குகள், கடிதங்கள், ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. குடிவந்து இரண்டே ஆண்டில், 1877இல், வீட்டில் இருந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். எந்த அறையில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். வீட்டைக் காப்பாற்றிய முதல் ஆவணம் என்று நான் அதைத்தான் சொல்வேன். காரணம் எதுவாக இருந்தாலும், நாற்காலியை எண்ணி எழுதி வைக்கும் குடும்பம் நாற்காலியைத் தூக்கிப் போடாது.

1901இல் ஜான் டெனியல் ஓய்வு பெற்றதும் பஞ்சின் முதன்மைக் கேலிச்சித்திரக்காரர் பதவி சாம்போர்னுக்கு வந்தது. முப்பது ஆண்டு காத்திருந்து, ஐம்பத்தேழு வயதில். 1910 ஆகஸ்டில் காலமானார். நான்கு ஆண்டு கழித்து மரியனும் போனார்.

வீடு மகன் ராய் கைக்கு வந்தது. ராய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய படிப்பு படிக்க வைத்தும் தொழிலில் பெயர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. தன் அறையில் நடிகைகளின் படங்களை மாட்டிக்கொண்டு, அப்பா அம்மா விட்டுப் போன வீட்டில் 1946இல் இறக்கும் வரை இருந்தார். எதையும் மாற்றவில்லை. பழைய வரலாற்றுக் குறிப்புகளில் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1920களிலும் 30களிலும் விக்டோரியா காலத்துப் பொருள் என்றாலே அசிங்கம், தூசி, கிழட்டு ரசனை என்ற நினைப்பு ஊர் முழுக்க இருந்தது. ராய் கல்யாணம் செய்து, புது மனைவி வந்து, சுவருக்கு வெள்ளையடித்து, பழைய சாமான்களை ஒழித்திருந்தால் இன்று பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

அவருக்கு அப்புறம் அக்கா மோட். அப்பாவிடமிருந்து படம் வரையும் கையைப் பெற்றவள். 1898இல் லெனார்ட் மெஸ்ஸலைக் கட்டிக்கொண்டாள். மெஸ்ஸல் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்த யூதப் பங்குத் தரகர் குடும்பம், பெரும் பணக்காரர்கள். சசெக்ஸில் நைமன்ஸ் என்ற அவர்களுடைய தோட்டம் இன்றும் புகழ்பெற்றது. 1947இல் அங்கிருந்த வீடு தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. ஒரு வீட்டை அப்படி இழந்த பெண்ணுக்குத் தன் பிறந்த வீடு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோட் அங்கே குடியிருக்கவில்லை, ஆனாலும் விடவில்லை.

இந்தக் குடும்பத்துப் பெண்களிடம் ஒரு குணம் தலைமுறை தலைமுறையாக இறங்கியிருக்கிறது. எதையும் எறிய மனசு வராது. மரியன், மோட், மோட்டின் மகள் ஆன் ஆகியோர் உடுத்திய உடைகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார்கள். ஆன் பல உடைகளில் யார் உடுத்தியது, எப்போது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்தியும் வைத்தார். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி இன்று பிரைட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனின் தம்பி ஆலிவர் மெஸ்ஸல், இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் முன்னணி மேடை வடிவமைப்பாளர்களில் ஒருவர். தாத்தா வீட்டில் பழைய துணியும் வண்ணக் கண்ணாடியும் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பது அவர் வேலையில் தெரிகிறது என்றே நான் நம்புகிறேன்.

ஆன் முதலில் ரொனால்ட் ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸை மணந்தார். அது முறிந்து 1935இல் அயர்லாந்தின் ராஸ் பிரபுவை மணந்து சீமாட்டி ஆனார். முதல் கல்யாணத்தில் பிறந்த மகன் ஆன்டனி புகைப்படக்காரர் ஆனார். 1960இல் அவர் எலிசபெத் ராணியின் தங்கை இளவரசி மார்கரெட்டைக் கைப்பிடித்தார். மறு ஆண்டு அவருக்கு ஸ்னோடன் பிரபு பட்டமும் கூடவே 'விஸ்கவுண்ட் லின்லி' என்ற துணைப் பட்டமும் கொடுத்தார்கள். அந்த லின்லி, கொல்லையில் போர்வை சுற்றி நின்று தன்னைத்தானே படமெடுத்த கொள்ளுத் தாத்தாவின் பெயர். கேமரா பிடித்த கொள்ளுப் பேரன் வழியாக அவர் பெயர் அரச குடும்பத்துக்குள் போய்விட்டது. இளவரசியின் மகனை உலகம் நெடுநாள் டேவிட் லின்லி என்றே அறிந்திருந்தது.

அரச சம்பந்தத்தைவிட ஆன் செய்த இன்னொரு காரியம் பெரியது. 1950களில் லண்டனில் விக்டோரியா காலத்துக் கட்டடங்களை இடித்துக்கொண்டே இருந்தார்கள். கேட்க நாதியில்லை. ஆன் இந்த வீட்டுக்குக் கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக் கலை வரலாற்றாளர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் போன்றவர்களை அழைத்தார். பாட்டி வாங்கிய நாற்காலிகளில், இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டிய சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசியதிலிருந்து அந்தக் கட்டடங்களைக் காப்பாற்றப் போராடும் விக்டோரியன் சொசைட்டி என்ற அமைப்பு 1958இல் பிறந்தது. முதல் பெரிய போராட்டத்தில் தோற்றார்கள். யூஸ்டன் ரயில் நிலையத்தின் முகப்பு வளைவு 1961இல் இடிக்கத் தொடங்கி அடுத்த ஆண்டு காணாமல் போனது. ஆனால் அடுத்த சில ஆண்டில் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்கும் அதே கதி வர இருந்தபோது விடவில்லை. 1967இல் அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. பாரிஸ் போகும் ரயிலைப் பிடிக்க இன்று அந்தச் செங்கல் கோபுரங்களுக்கு அடியில் போகிறவர்கள் இந்த வரவேற்பறைக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

1980இல் ஆன் வீட்டை உள்ளே இருந்த எல்லாவற்றோடும் சேர்த்து அன்றைய கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்கு விற்றார். தனித்தனியாக ஏலம் விட்டிருந்தால் பீங்கானுக்கும் மேசைக்கும் நல்ல விலை போயிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. விக்டோரியன் சொசைட்டியின் பொறுப்பில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். கவுன்சில் கலைக்கப்பட்ட பிறகு, 1989இல், கென்சிங்டன் செல்சி பேரூராட்சி கைக்கு வந்தது; லெய்ட்டன் மாளிகையையும் அவர்களே நடத்துகிறார்கள்.

போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், லெய்ட்டனை முதலில். அரபு மண்டபத்தின் பொன்னையும் ஓடுகளையும் கண் நிறையப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் சாம்போர்ன் தம்பதி எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று தெரியும். திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கும்; காகிதமும் துணியும் வெளிறாமல் இருக்கத் திரை போட்டிருப்பார்கள். கண் பழகும் வரை ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வரவேற்பறையில் பொருள்களை எண்ணாமல், படச் சட்டங்களின் ஓரங்களைப் பாருங்கள். மேலே ஏறும்போது படிக்கட்டு ஜன்னலைக் கவனியுங்கள். மாடிக் குளியலறையைத் தவற விடாதீர்கள். அங்கே சவப்பெட்டி மாதிரி நீளமான ஒரு பளிங்குத் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு குடும்பம் குளித்தது. அதே தொட்டியில்தான் தண்ணீரில் அலசி அலசி அந்த நீலப் படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.